திரையில் தெரியும் பேருந்து

நிறுத்தத்தில் நிற்கும் பயணி, பேருந்து எங்கே வருகிறது என்பதைத் திறன்பேசியில் பார்க்கலாம். அட்டையைத் தொட்டு ஏறலாம். அவர் ஏறிய இடமும் இறங்கிய இடமும் பதிவாகி, நாளைய வழித்தடங்களை வகுக்க உதவும். நகர்ப்புறப் பொதுப் போக்குவரத்தின் எதிர்காலம் குறித்து இன்று தீட்டப்படும் சித்திரம் இதுதான். இதை எதிர்க்க இடதுசாரிகளுக்குக் காரணமேதும் இல்லை. அறிவியலின் பயன் உழைக்கும் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதே அவர்களது நிலைபாடு. ஆயினும் முதலில் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திரையில் காட்டுவதற்குப் போதிய பேருந்துகள் சாலையில் இருக்கின்றனவா?

தலைநகர் டெல்லியின் அனுபவம் இதற்கு விடை கூறுகிறது. 2001 ஏப்ரல் 1க்குள் அங்குள்ள பேருந்துகளின் எண்ணிக்கையை 10,000ஆக உயர்த்துமாறு 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. தொழில்நுட்பம் மட்டும் தாமதமின்றி வந்தது. 2018இல் பேருந்துகளின் இருப்பிடத் தரவு பொதுவெளியில் திறந்துவிடப்பட்டது; 2021இல் அது கூகுள் வரைபடத்திலும் இடம்பெற்றது. நல்ல பணிதான். ஆனால், நாற்பது நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் பேருந்தைச் செயலி எவ்வளவு துல்லியமாக அறிவித்தாலும், அதற்கான காத்திருப்பு ஒரு நிமிடமும் குறையாது.

அதே டெல்லியில் 2019 அக்டோபர் 29 முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யத் தொடங்கினர். நடத்துநர் கிழித்துக் கொடுத்தது இளஞ்சிவப்பு நிறச் சீட்டு ஒன்றுதான். எந்த ஊர், என்ன ஆவணம் என்று எவரும் கேட்கவில்லை. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணும் கட்டுமானத் தொழிலாளியும் அதனால் பயன்பெற்றனர். 2025இல், இச்சீட்டுக்கு மாற்றாக, டெல்லியில் வசிக்கும் பெண்களுக்கு மட்டுமே வழங்கப்படும் டிஜிட்டல் அட்டையை மாநில பாஜக அரசு அறிவித்தது. நொய்டாவிலிருந்தும் காசியாபாத்திலிருந்தும் அன்றாடம் வேலைக்கு வருபவர்களும், டெல்லி முகவரிச் சான்று இல்லாத புலம்பெயர் தொழிலாளிப் பெண்களும் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றனர். பயணத்தைக் கணக்கிட அட்டைக்கு முகவரி தேவையில்லை. முகவரி கேட்பது அரசின் அரசியல் தேர்வு. பயணிகளை இணைக்க வேண்டிய கருவி, அவர்களை வடிகட்டும் சல்லடையாகிவிடுகிறது.

தொழில்நுட்பத்தை யார் கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசின் தொழிலாளர் துறை 2022 ஆகஸ்டில் 'கேரள சவாரி' என்ற வாடகை வாகனச் செயலியைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் ஓட்டுநரின் வருவாயில் பெரும்பங்கைக் கழித்துக்கொள்ளும் துறையில், சேவைக் கட்டணத்தை அது 8 சதவீதமாக நிர்ணயித்தது. அம்முயற்சி சந்தித்த தடைகள் பல. எனினும், செயலி என்றாலே பெருநிறுவனத்தின் உடைமை என்பது இயற்கை விதியல்ல என்பதை அது மெய்ப்பித்தது.

எனவே, கோரிக்கைகள் தெளிவாக வைக்கப்பட வேண்டும். பேருந்துகள் அரசு முதலீட்டில் வாங்கப்பட வேண்டும். பயணத் தரவு பொதுச் சொத்தாக இருப்பதோடு, பயணியின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும். திறன்பேசி இல்லாதவருக்கும் சீட்டு கிடைக்க வேண்டும். மின்னணுச் சீட்டைக் காரணம் காட்டி நடத்துநர் பணியிடங்களை ஒழிக்கக் கூடாது. வழித்தடங்களை வகுக்கும் இடத்தில் தொழிற்சங்கங்களுக்கும் பயணிகளுக்கும் இருக்கை வேண்டும். அந்த இருக்கை கிடைக்கும்போதுதான் பயணி உண்மையில் இணைக்கப்பட்டவர் ஆவார்.