கைக்கடிகாரமா, கைவிலங்கா?

மணி பார்க்கத்தான் கடிகாரம் கட்டுவார்கள். இப்போது கடிகாரம் மனிதனைப் பார்க்கிறது!

சண்டிகாரில் தெருக் கூட்டும் தொழிலாளர்கள் 2020-ல் போராட்டத்தில் குதித்தார்கள். கையில் கட்டிய கடிகாரத்தைக் கழற்ற வேண்டுமாம்!

மாநகராட்சி கொடுத்த கடிகாரம் அது. உள்ளே ஜி.பி.எஸ். கருவி. கட்டியவர் எந்தத் தெருவில் நிற்கிறார், எப்போது வந்தார், எப்போது போனார் என்பதெல்லாம் ஆபீசில் உள்ள திரையில் தெரிந்துவிடும். நாக்பூரிலும் பஞ்ச்குலாவிலும் இதே கதைதான். வேலைக்கு மட்டம் போடுகிறவர்களைப் பிடிக்கத்தான் என்றார்கள் அதிகாரிகள். அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெண்களின் பயம் வேறு. கழிப்பறைக்குப் போனாலும் கையில் இருக்கிறதே, உள்ளே கேமரா இருக்கிறதா, மைக் இருக்கிறதா?

அமெரிக்காவில் இதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்கள்.

அதிரும் பட்டை!

அமேசான் கம்பெனிக்கு 2018 ஜனவரியில் இரண்டு பேட்டன்ட் கிடைத்தது. கிடங்குத் தொழிலாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை. அதில் இருந்து காதுக்குக் கேட்காத ஒலி கிளம்பும். அலமாரிப் பக்கம் உள்ள கருவிகள் அதைப் பிடித்து, கை எந்தப் பெட்டி அருகே இருக்கிறது என்று கணக்குப் போடும். சரியான பெட்டியா, இல்லையா என்று பட்டை அதிர்ந்து சொல்லும்.

முதுகைச் சொறிந்தால்? மூக்கைத் துடைத்தால்? அதுவும் கணக்கில் ஏறுமா?

வேவு பார்க்க அல்ல, ஸ்கேனரைக் கையில் பிடிக்காமல் இரண்டு கையாலும் வேலை பார்க்கத்தான் என்றது கம்பெனி. பேட்டன்ட் வாங்கியதாலேயே பட்டையை மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தமும் இல்லை.

பேட்டன்ட் ஆபீஸ் என்ன பார்க்கும்? சரக்கு புதிதா, எவருக்கும் சட்டென்று தோன்றிவிடக் கூடியதா என்று பார்க்கும். மாட்டிக்கொள்கிறவன் சம்மதித்தானா என்று கேட்பது அதன் வேலை இல்லை. கொடுத்துவிட்டால், மனுப் போட்ட நாளில் இருந்து 20 வருஷத்துக்கு அடுத்தவன் தொடக் கூடாது.

ஒரு அமுக்குக்கு வழக்கு!

இதே கம்பெனி 1999-ல், ஒரே அமுக்கில் சாமான் வாங்கும் முறைக்கே பேட்டன்ட் வாங்கியது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கடை மீது வழக்கும் போட்டது. கோர்ட் தடை போட, அந்தக் கடை இன்னொரு அமுக்கைச் சேர்த்துத் தப்பித்தது! கல்லாவில் காசு வாங்கும் வழக்கத்துக்கே ஒருவன் பட்டா போட்ட மாதிரி. அந்த பேட்டன்ட் 2017-ல்தான் காலாவதி ஆனது.

இப்படி அகலமாக வேலி போட்டால் நஷ்டம் போட்டிக் கம்பெனிக்கு மட்டும் அல்ல. ஆள் பெயரைப் பதியாத, வேலை முடிந்ததும் விவரத்தை அழித்துவிடுகிற நல்ல பட்டை ஒன்றை வேறொருவர் செய்ய நினைத்தாலும், முதலில் வக்கீல் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். ஆனால் 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவைப் புரட்டினால் சங்கதி வேறு. வேலை சம்பந்தமான காரியம் என்றால், தொழிலாளியின் சம்மதம் கேட்காமலே அவர் விவரத்தை முதலாளி பயன்படுத்தலாம் என்கிறது. கழிப்பறைக்குப் போய் வந்த நேரம் வேலை சம்பந்தமானதா, இல்லையா? அது அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை.