அமெரிக்காவில் குறைந்த விலையில் புரோகிரஸிவ் கண்ணாடி... ஊர்ச் சீட்டை வைத்து ஆர்டர் செய்யும் முன் இதைக் கவனியுங்கள்!

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 52 வயது. வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட போனை எட்டத் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறார். "என்னங்க, கை இன்னும் ஒரு முழம் நீளமா இருந்தா தேவலைபோல!" என்று மனைவி கிண்டலடிக்கிற அளவுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் கடையில் விசாரிக்கிறார். புரோகிரஸிவ் லென்ஸ், அதற்கு மேல் கோட்டிங், ஃபிரேம் எல்லாம் சேர்த்து 600 டாலர் என்கிறார்கள். மனுஷருக்குத் தலைசுற்றல். போன முறை ஊருக்குப் போனபோது திருச்சியில் கண் பரிசோதனை செய்த சீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. அதிலுள்ள எண்களை ஓர் இணையதளத்தில் தட்டுகிறார். 100 டாலருக்குள் முடிந்துவிடுகிறது. பத்து நாளில் பார்சல் வருகிறது. போட்டுப் பார்த்தால் தெருவில் போகிற காரின் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. கையிலிருக்கும் புத்தகம் மட்டும் மங்கல்.

"காசுக்கேத்த தோசைதான்" என்று சலித்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியை அதே டிராயரில் போட்டுவிட்டு, கடைக்குப் போய் 600 டாலரைக் கட்டுகிறார்.

இது உதாரணக் கதைதான். ஆனால், இப்படித் தடுக்கி விழ நிஜத்திலும் இடமிருக்கிறது. தப்பு இணையதளத்திலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. ஒரே ஒரு கட்டத்தில் அவர் போட்ட எண் தப்பு.

நம்ம ஊர்ச் சீட்டும் அந்த ஊர்ப் படிவமும்

நம்மூர் கண் பரிசோதனைச் சீட்டுகள் பலவற்றில் தூரப் பார்வைக்கு ஒரு வரி, கிட்டப் பார்வைக்கு ஒரு வரி என்று இரண்டு வரிகள் இருக்கும். கிட்டப் பார்வை வரியில் எழுதியிருப்பது படிப்பதற்கான மொத்த பவர். அமெரிக்கச் சீட்டிலும், இணையதளப் படிவத்திலும் இப்படி இரண்டு வரி கிடையாது. தூரப் பார்வைக்கான பவரைக் கொடுத்துவிட்டு, 'ஆட்' என்ற கட்டத்தில், அதோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை மட்டும் கேட்பார்கள்.

நம் டல்லஸ்காரரின் சீட்டில் தூரத்துக்கு -1.25, கிட்டத்துக்கு +0.75 என்று இருந்தது. அவர் +0.75-ஐ அப்படியே 'ஆட்' கட்டத்தில் போட்டுவிட்டார். உண்மையில் போட்டிருக்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். -1.25-லிருந்து +0.75-க்குப் போக 2.00 கூட்ட வேண்டும். அதாவது, ஆட் +2.00. அவருக்குக் கிடைத்ததோ அதில் பாதிகூட இல்லை. பிறகு எப்படிப் புத்தகம் தெரியும்?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தூரத்துக்கு +1.00, கிட்டத்துக்கு +3.00 என்று இருப்பவர், ஆட் கட்டத்தில் +3.00 போட்டால் படிக்கும் பகுதியில் தேவையைவிட 1.00 அதிகமாகிவிடும். புத்தகத்தை மூக்குக்கு அருகே கொண்டுவந்தால்தான் எழுத்து தெரியும். கூடவே கண்வலி, தலைவலி.

இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம் என்றாலும், சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குச் சீட்டை எழுதும் முறையே இடத்துக்கு இடம் மாறும். சிலர் பிளஸ்ஸில் எழுதுவார்கள், சிலர் மைனஸில் எழுதுவார்கள். ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் மூன்றையும் ஒரு குறிகூட மாறாமல் அப்படியே படிவத்தில் போட வேண்டும். ஊரில் பரிசோதனை முடிந்ததும், "சார், ஆட் எவ்வளவுன்னு தனியா எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுவதுதான் சுலபம். ஒரு நிமிட வேலை.

லென்ஸுக்குள் ஒரு சந்து

இந்த லென்ஸ் ஏன் இத்தனை கறாராக இருக்கிறது? தாத்தா காலத்து பைஃபோகல் கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு தெரியும். மேலே தூரம், கீழே படிப்பு. புரோகிரஸிவ் லென்ஸில் கோடு கிடையாது. மேலிருந்து கீழே வர வர பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். 1959-ல் பிரான்ஸில் 'வேரிலக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த லென்ஸிலிருந்துதான் இது பிரபலமானது. கோட்டை எடுத்ததற்கு ஒரு விலை உண்டு. பவர் ஏறும் வழி ஒரு குறுகிய சந்து மாதிரி நடுவில் மட்டும்தான் இருக்கும். சந்தின் இரு பக்கமும் பார்வை கலங்கும், நெளியும். ஆட் எண் கூடக் கூட சந்து இன்னும் குறுகும். 45 வயதில் சுலபமாகப் பழகியவர்கள் 60 வயதில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தச் சந்து உங்கள் கருவிழிக்கு நேராக அமைய வேண்டும். அதற்கு இரண்டு அளவுகள் தேவை.

ஒன்று, இரண்டு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரம். இதை பி.டி. என்பார்கள். பெரியவர்களுக்கு சராசரியாக 63 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆனால், மூக்கு எல்லோருக்கும் நட்டநடுவில் இருப்பதில்லை. ஒரு கண்ணுக்கு 31, இன்னொரு கண்ணுக்கு 33 என்றும் வரலாம். எனவே, புரோகிரஸிவுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி அளவாக வாங்குவது நல்லது. சாதாரண தூரக் கண்ணாடியில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினால் மிதமான பவர்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. புரோகிரஸிவில் அதே பிசகு ஆளைச் சந்துக்கு வெளியே தள்ளிவிடும்.

இன்னொன்று, ஃபிட்டிங் உயரம். கருவிழியின் மையத்திலிருந்து லென்ஸின் அடி விளிம்பு வரை உள்ள உயரம். இதை அளக்க, நீங்கள் போடப்போகிற அதே ஃபிரேம் உங்கள் மூக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைக்காரர் எதிரே நின்று, டம்மி லென்ஸில் பேனாவால் புள்ளி வைப்பாரே, அது இதற்காகத்தான். பல இணையதளங்கள் இந்த அளவைக் கேட்பதே இல்லை. பொதுவான ஒரு கணக்கை வைத்துச் செய்துவிடுவார்கள். பலருக்கு அது பொருந்திவிடும். சிலருக்குத் தாடையைத் தூக்கித் தூக்கிப் படிக்க வேண்டியதாகிவிடும்.

'திருச்சியில் தம்பி இருக்கிறான், செய்து அனுப்பச் சொல்லலாம்' என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் சிக்கல். தம்பி கடைக்குப் போவார். ஆனால், அண்ணனின் மூக்கு டல்லஸில் அல்லவா இருக்கிறது!

சீட்டு உங்கள் உரிமை

அமெரிக்காவில் கண் பரிசோதனை முடிந்ததும், கேட்காமலேயே, தனிக் கட்டணம் இல்லாமல் சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி. 1978-லிருந்தே இருக்கிறது. எங்கள் கடையில் கண்ணாடி வாங்கினால்தான் சீட்டு என்று யாரும் சொல்ல முடியாது. 2024-ல் இந்த விதியைத் திருத்தி, சீட்டு கொடுத்ததற்கு நோயாளியிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் பரிசோதனை முடிந்த உடனே சீட்டைத் தர வேண்டும் என்பதுதான் சட்டம்.

ஒரு குறை என்னவென்றால், அமெரிக்காவின் இந்த மத்திய விதி, பி.டி.யைச் சீட்டில் எழுதியே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. 'ஆன்லைனில் வாங்கத்தானே கேட்கிறார்' என்று சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை, அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். குளியலறைக் கண்ணாடி முன் ஸ்கேலுடன் நின்று அளப்பதைவிட இது நம்பகமானது.

காசை எங்கே மிச்சப்படுத்தலாம்?

கண் பரிசோதனையில் வேண்டாம். முதலிலேயே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. 40-ஐத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாக சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, கண் மருத்துவர் பார்ப்பது பவரை மட்டுமல்ல. கண் அழுத்த நோயும், சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பும் ஆரம்பத்தில் எந்த அறிகுறியையும் காட்டாமல் இருக்கலாம். பழைய சீட்டை வைத்தே நாலைந்து வருடம் ஓட்டுகிறவர்கள், கண்ணாடிக் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு பரிசோதனையைத் தவறவிடுகிறார்கள். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நாள்களில் பவரும் சேர்ந்து மாறும் என்பதால், அது கட்டுக்குள் வந்த பிறகு அளப்பதே நல்லது. அமெரிக்காவில் கண்ணாடிக்கான காப்பீடு பெரும்பாலும் தனி. ஆனால், சர்க்கரை நோய்க்கான கண் பரிசோதனை பொதுவாக மருத்துவக் காப்பீட்டிலேயே வரும். கேட்டுப் பாருங்கள்.

மிச்சப்படுத்த வேண்டிய இடம் கூடுதல் சமாசாரங்களில் இருக்கிறது. நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ் என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரால் வரும் கண் அயர்ச்சியை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று, பல ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அந்தக் காசு மிச்சம். 1.67 என்ற மெல்லிய லென்ஸ் அதிக பவர் உள்ளவர்களுக்குத்தான் உபயோகம். -1.25 பவருக்கு அது எதற்கு? எதிரொளியைக் குறைக்கும் கோட்டிங்கை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரவில் கார் ஓட்டும்போது எதிர் வண்டியின் விளக்கு லென்ஸில் பட்டுச் சிதறுவதை அது குறைக்கும்.

காஸ்ட்கோ மாதிரி மொத்தக் கடைகளின் கண்ணாடிப் பிரிவு, விலைக்கும் அளவுக்கும் நடுவில் ஒரு நல்ல வழி. அங்கே ஆள் நேரில் அளப்பார். கண்ணாடி வாங்க உறுப்பினர் அட்டை வேண்டும். முதல் முறை புரோகிரஸிவ் போடுபவர் இப்படி நேரில் அளக்கும் கடையில் வாங்கிவிட்டு, அளவுகள் கைக்கு வந்து, கண்ணும் பழகிய பிறகு, இரண்டாவது ஜோடியை ஆன்லைனில் வாங்கலாம். அலுவலகத்தில் எஃப்.எஸ்.ஏ. கணக்கு இருந்தால் அந்தப் பணத்தையும் பவர் கண்ணாடிக்குப் பயன்படுத்தலாம். வருடம் முடிந்தால் பெரும்பாலும் காலாவதியாகிவிடும் பணம் அது.

எங்கே வாங்கினாலும், 'பழகவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள்?' என்ற கேள்வியை ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். கொடுத்த பிறகு அல்ல.

மாடிப்படியில் கவனம்

அமெரிக்காவுக்கு ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா, அம்மாவுக்குப் புதிதாக புரோகிரஸிவ் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் படுக்கையறை மாடியில். படியெல்லாம் ஒரே நிறத்தில் கார்ப்பெட். கீழே பார்த்து இறங்கும்போது கண் படுவது லென்ஸின் படிக்கும் பகுதியில். அது புத்தக தூரத்துக்கானது. படிக்கட்டின் விளிம்பு அதில் மங்கலாகத்தான் தெரியும்.

வயதானவர்கள் இப்படிப்பட்ட கண்ணாடிகளோடு தடுக்கி விழும் அபாயம் கூடுகிறது என்று 2002-லேயே ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொன்னது. 2010-ல் அதே நாட்டில் இன்னொரு ஆய்வு. வெளியே அதிகம் நடமாடும் முதியவர்களுக்கு, வெளியில் போட தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியாகக் கொடுத்தபோது விழுவது குறைந்தது. ஆனால், வெளியே அதிகம் போகாதவர்கள், இப்படிக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெளியே போனபோது விழுவது கூடியது. ஆகவே, தினமும் வாக்கிங் போகிற அப்பாவுக்கு இரண்டாவது கண்ணாடி உதவும். வீட்டோடு இருக்கும் அம்மாவுக்குப் பழகிய கண்ணாடியை மாற்றாமல் விடுவது நல்லது. தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஆன்லைனில் மிகவும் மலிவு.

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் இருப்பவர்களுக்கும் இதே யோசனைதான். திரையின் தூரத்தை அளந்து மருத்துவரிடம் சொன்னால் அதற்கென்று ஒரு பவர் எழுதித் தருவார். கழுத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்க்கும் வலி மிஞ்சும்.

பார்சல் வந்ததும்...

வெளிச்சத்துக்கு எதிரே லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு லென்ஸிலும் மிக மெல்லிய இரண்டு குறிகள் செதுக்கியிருக்கும். வெளிப்பக்கக் குறிக்குக் கீழே பெரும்பாலும் ஆட் எண் இருக்கும். 20 என்றால் 2.00. நம் டல்லஸ்காரர் இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் புரிந்திருக்கும். எந்தக் கண்ணாடிக் கடையிலும் லென்ஸ் மீட்டரில் வைத்து மற்ற பவரையும் சரிபார்த்துவிடலாம்.

முதல் நாளே அதைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம். வீட்டுக்குள் நடந்து பழகுங்கள். பக்கத்தில் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பாமல் மூக்கையே அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு வாரம் ஆகலாம். அதற்குப் பிறகும் தரை நெளிந்தால், அளவு தப்பு என்று திருப்பிக் கொடுங்கள். சில சமயம் மூக்குத் தாங்கியை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினாலே சரியாகிவிடும்.

ஊருக்கு லீவில் வருபவர்கள் நம்மூர்க் கடையிலேயே அளந்து வாங்குவதும் நல்ல யோசனைதான். ஆனால், கிளம்புகிற வாரத்தில் போகாதீர்கள். லென்ஸ் தயாராகி வரச் சில நாள்கள் பிடிக்கும், போட்டுப் பழகவும் திரும்பப் போய்ச் சரிசெய்யவும் நாள் வேண்டும். வந்திறங்கிய முதல் வாரமே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சீட்டையும், பி.டி., ஃபிட்டிங் உயரம் எழுதிய தாளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் அல்ல.