பூட்ட முடியாத பூட்டு

அமராவதி நகர் பனியன் கம்பெனியிலிருந்து போன். தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்பணும். பேக்கிங் லிஸ்ட் இருக்கும் ஆக்சஸ் ஃபைலை ஒருத்தர் திறந்தால் அடுத்தவருக்குத் திறக்கவில்லை. "வைரஸுங்களா?"

போய்ப் பார்த்தேன். யாராவது திறந்ததும் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு குட்டி ஃபைல் முளைக்க வேண்டும் (ஆக்சஸ் 2007 முதல் அதன் வால் 'எல்ஏசிசிடிபி'). யார் யார் உள்ளே என்று சொல்லும் வருகைப் பதிவேடு. கடைசி ஆள் வெளியேறியதும் தானே அழியும்.

இங்கே முளைக்கவே இல்லை!

முதலாளி மகன் தலையைச் சொறிந்தார். "ஃபோல்டர்ல யாரும் எதையும் புதுசா போடவோ அழிக்கவோ கூடாதுன்னு நேத்துத்தானுங்க அனுமதிய எடுத்துப்போட்டேன்."

பதிவேடே இல்லாமல் நாலு பேரை எப்படி உள்ளே விடும்? அனுமதியைத் திருப்பிக் கொடுத்தோம். திறந்தது.

"யாராச்சும் அழிச்சுப்போட்டா?"

"தினம் ஒரு நகல் எடுங்க" என்றேன்.