பாட்டி கையில் கம்பு

போன மாதம் உறவினர் வீட்டில் ஒரு வளைகாப்பு. நாற்காலி போட்டிருந்தும், பாயில் உட்கார்ந்து வளையல் அடுக்கினால்தான் திருப்தி என்று என் தாயார் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போது ஒரு சிரமமும் தெரியவில்லை. எழுந்திருக்கும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. வலது கையை ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. இடது கையையும் சேர்த்து ஊன்றினார், அப்போதும் முடியவில்லை. கடைசியில் நானும் சித்தி மகளுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். "அறுபத்தெட்டு வயசாச்சே! இனிமே இப்படித்தான்" என்று தமக்குத் தாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டில் யாரும் இல்லாத பகல் வேளையில், குளியலறையில் வழுக்கி இப்படி உட்கார நேர்ந்தால் யார் வந்து தூக்குவது என்ற கவலை அன்று முழுவதும் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

நேயர்களே, "வயசாச்சு" என்பதைப் போன்ற சௌகரியமான வார்த்தை நம் பாஷையில் வேறு கிடையாது. அதைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், ஒரு மூதாட்டி இருக்கிறார். அவரிடம் போய் இந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. ஏனென்றால் அவர் கையில் கம்பு இருக்கிறது. ஊன்றிக்கொள்ளும் கம்பு அல்ல, சுழற்றும் கம்பு!

மீனாட்சி அம்மாள் என்று அவர் பெயர். எண்பது வயதைத் தாண்டியவர். களரிப்பயிற்று என்னும் பழைய போர்க்கலையில் அவர் குரு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்மில் பாதி வயதுகூட ஆகாத ஆண்களுடன் அவர் கம்பு வீசும் காட்சியைச் சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசிகளில் லட்சக்கணக்கானவர்கள் கண்டு வியந்தார்கள். 2017-ல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துக் கௌரவித்தது.

"அவர் தெய்வப் பிறவி! நமக்கெல்லாம் அது நடக்குமா?" என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவருடைய கதையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், அதில் அற்புதம் எதுவும் இல்லை என்பது புலப்படும்.

ஏழு வயதில் அவருக்கு நாட்டியத்தில் நாட்டம். உடம்பு நன்றாக வளைந்து கொடுக்க வேண்டுமே என்று அவருடைய தந்தை அவரைக் களரிக்கு அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் சிறு பெண்கள் களரிக்குப் போவது அப்படியொன்றும் அதிசயம் அல்ல. ஆனால் பெண் வயதுக்கு வந்ததும் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். மீனாட்சியின் தந்தை நிறுத்தவில்லை. "நீ போய்க் கற்றுக்கொள்" என்ற கட்சியிலேயே உறுதியாக இருந்தார். பதினேழாவது வயதில் ராகவன் குருக்களுக்கு மனைவியானார் மீனாட்சி. அவர் களரி ஆசான். ஆகவே கல்யாணமும் களரியை நிறுத்தவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களும் களரியில் இறங்கினார்கள். கணவர் காலமான பிறகு, சங்கத்தின் பொறுப்பு முழுவதையும் அவரே ஏற்றார்.

நம் வீட்டுப் பெண்களின் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாண்டியும் கயிறாட்டமும் பதின்மூன்று வயதில் நிற்கின்றன. "பெரிய பெண் குதிக்கலாமா?" என்று முதல் தடை. கல்லூரியில் பந்து விளையாடினால், கல்யாணத்தோடு அதுவும் நிற்கிறது. பிள்ளை பிறந்ததும் நடை நிற்கிறது. பேரன் பிறந்ததும் மாடிப்படி நிற்கிறது. இப்படி ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, அறுபதாவது வயதில் பழியை வயதின் தலையில் போடுகிறோம். வயது என்ன செய்யும், பாவம்! நாம் நிறுத்திய கணக்கையும் சேர்த்து அது அல்லவா சுமக்கிறது?

களரி என்றால் என்னவென்று அறியாத சகோதரிகளுக்காகச் சில வார்த்தைகள். பயிற்சி நடக்கும் கூடத்துக்கே களரி என்று பெயர். பூமியைச் சுமார் மூன்றரை அடி ஆழம் தோண்டி, 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் மண் தரையாக அமைப்பார்கள். வாசல் கிழக்கே இருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை. அதை வணங்கிய பின்னரே பயிற்சி ஆரம்பம். உடம்பெங்கும் எண்ணெய் தடவிக்கொண்டு, மழைக்காலத்தில் பழகுவது மரபு.

களரியில் சேர்ந்த அன்றே கையில் வாளைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் மெய்ப்பயிற்று. காலைத் தலைக்கு மேல் வீசுவது, தரையோடு தரையாகத் தாழ்வது, உடனே எழுந்து துள்ளுவது என்று உடம்பையே ஆயுதமாகச் செய்யும் பயிற்சி இது. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, மயில் என்று பிராணிகளின் பெயரால் நிலைகள் உண்டு. குரு வாய்த்தாரியாகக் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, சிஷ்யர்கள் அதற்கேற்ப உடம்பை இயக்க வேண்டும். இதில் தேறியவர்களுக்கே கம்பு. அதற்குப் பிறகு கட்டாரி, வாளும் கேடயமும், சுருள் வாளாகிய உருமி. கடைசியில் வெறுங்கைப் போர். ஆயுதம் ஏந்தக் கற்றவனுக்கே ஆயுதமில்லாமல் நிற்கும் தகுதி வரும் என்பது போலும்!

வடகரைப் பக்கத்துக்குக் கடத்தநாடு என்பது பழைய பெயர். வடக்கன் பாட்டுக்கள் என்னும் மலையாள நாட்டுப் பாடல்களில் வரும் உண்ணியார்ச்சை அந்தப் பிரதேசத்து வீராங்கனைதான். நாதாபுரத்தில் முரடர்கள் வழிமறித்தபோது கணவன் நடுங்கி நின்றான் என்றும், அவளே உருமியைச் சுழற்றிக் கூட்டத்தைக் கலைத்தாள் என்றும் கதை. மீனாட்சி அம்மாள் பிறந்து வளர்ந்த மண்ணில் பெண் வாளெடுத்தாள் என்பது தாலாட்டோடு கேட்கும் செய்தி.

ஆனால் அந்த மண்ணிலும் ஒரு குறை இருந்தது. களரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ராகவன் குருக்கள் சிறு வயதில் களரி கற்கப் போனபோது, ஜாதியைக் காரணம் காட்டி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். இன்னொருவராயிருந்தால் மனம் கசந்து ஒதுங்கியிருப்பார். அவர் என்ன செய்தார் தெரியுமா? கலையைக் கற்றுத் தேர்ந்து, ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாமே கடத்தநாடன் களரி சங்கத்தைத் தொடங்கினார். அங்கே ஜாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை. கட்டணமும் கிடையாது. சிஷ்யர்கள் தங்களால் இயன்றதை குருதட்சிணையாக வைத்து வணங்கினால் போதும்.

கணவர் வகுத்த அந்த முறையை மீனாட்சி அம்மாள் இன்றளவும் மாற்றவில்லை. விருது வந்து, பெயர் பரவி, வெளிநாட்டாரும் தேடி வரத் தொடங்கிய பிறகுகூட மாற்றவில்லை. யோசித்துப் பாருங்கள்: இந்தக் காலத்தில் கோடை விடுமுறை வகுப்புக்கு என்ன கட்டணம் கேட்கிறார்கள்? குழந்தையைச் சேர்த்துவிட்டு வரும்போது கைப்பை எத்தனை லேசாகிவிடுகிறது!

இதில் எனக்கு இன்னொரு விஷயமும் தோன்றுகிறது. தமக்காக மட்டும் பழகுபவர் ஒரு நாள் உடம்பு வணங்காவிட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். குழிக்குள் குழந்தைகள் காத்திருக்கும்போது குரு அப்படிச் செய்ய முடியுமா? சிஷ்யர்களுக்கு அவர் பலத்தைக் கொடுக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். தினமும் எழுந்து வருவதற்கு ஒரு காரணத்தை அவர்களும் அவருக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, "மீனாட்சி அம்மாள் ஏழு வயதில் ஆரம்பித்தவர். நாங்கள் நாற்பது வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டோமே, இனி என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன்.

1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. தள்ளாமை வந்துவிட்டவர்கள். அவர்களைக் கொண்டு எட்டு வாரம் கால்களால் எடையைத் தூக்கப் பழக்கினார்கள். முடிவு என்ன? கால் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. அதாவது பத்துக் கிலோவைத் தூக்கிய கால் இருபத்தேழு கிலோவைத் தூக்கியது! கைத்தடியோடு வந்தவர்களில் இரண்டு பேர் கைத்தடியே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. பயிற்சியை நான்கு வாரம் நிறுத்தியதும், அவர்களுடைய வலிமையில் 32 சதவிகிதம் கரைந்துவிட்டது. தொண்ணூறு வயதிலும் தொடங்கினால் வரும். எந்த வயதிலும் நிறுத்தினால் போகும். இதற்கு மேல் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"வீட்டு வேலை செய்கிறேனே, அது பயிற்சி இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. நம் பாட்டிமார் கிணற்றில் நீர் இறைத்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார்கள், தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். நாமோ குழாயைத் திறக்கிறோம், பொத்தானை அழுத்துகிறோம், மேடை முன் நின்று சமைக்கிறோம். வேலையின் களைப்பு என்னவோ குறையவில்லை. ஆனால் தசைக்குச் சவால் குறைந்துவிட்டது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. இன்று தூக்கியதைவிடச் சிறிது கூடுதலாகச் சில நாள் கழித்துத் தூக்குவதும், இடையே ஓய்வு கொடுப்பதும்தான் பயிற்சி. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு விரைவாக பலம் குன்றுவதால், இது நமக்கு அதிகமாகவே தேவை. நடைப் பயிற்சி நல்லதுதான். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் மூன்று நாளாவது நிலை தடுமாறாமல் நிற்பதற்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட குறிப்பில் சொல்கிறது.

இதற்காக நீங்கள் உருமி வாங்க வேண்டியதில்லை. கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள், மெல்ல உட்காருங்கள். ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்தாக்குங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். பால் பொங்கும்வரை மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். சுலபமாகிவிட்டால், இரண்டு கையிலும் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் பிடித்துக்கொள்ளுங்கள். இருதய நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி உள்ளவர்கள் மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்டுவிடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்ய வேண்டாம்.

என் தாயார் விஷயத்துக்கு வருகிறேன். மீனாட்சி அம்மாளின் படக்காட்சியைக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார். நாற்காலியைக் காட்டினேன். முதல் நாள் மூன்று தடவை எழுந்ததற்குள், "போதும், விடு" என்றார். இரண்டாவது வாரம் ஆறு. இப்போது பத்து. தரையிலிருந்து எழ இன்னும் ஒரு கையை ஊன்றத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் என் கையும் சித்தி மகள் கையும் தேவையில்லை.

நேற்று மாலை வீடு திரும்பியபோது கூடத்தில் மூன்று நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. எதிர்வீட்டு மாமியும், மேல்மாடிப் பாட்டியும் கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் நின்று, "ம்... மெதுவா! தொப்புனு விழக்கூடாது!" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

கட்டணம் உண்டா என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார். மீனாட்சி அம்மாளின் களரியில் சிஷ்யர்கள் குருவுக்குத் தட்சிணை வைக்கிறார்கள். எங்கள் வீட்டுக் களரியில் குரு அல்லவா சிஷ்யர்களுக்கு வைக்க வேண்டியிருக்கிறது!