17 மணி நேரத் தொலைவு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். 1947-இல் சிட்னியிலிருந்து லண்டன் சென்றுசேர நான்கு நாட்கள் ஆயின. வழியில் பல இடங்களில் இறங்கி ஏறவேண்டியிருந்தது. 2018 மார்ச் முதல் பெர்த்திலிருந்து எங்கும் நில்லாமல் சுமார் 17 மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். திரும்பி வருகையில், மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று பின்னின்று தள்ளுவதால் நேரம் இன்னும் குறைகிறது. ஆனால் 2024 ஏப்ரலில் ஈரானிய வான்வெளியைத் தவிர்க்க நேர்ந்தபோது, லண்டன் நோக்கிய அந்த விமானம் எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்கிச் சென்றது. ஆகவே தூரத்தை மணிக்கணக்கில் சொல்லி ஆறுதலடைவது எனக்குச் சரியாகப் படவில்லை. “ஒரு நாள் பயணந்தானே, அவசரமென்றால் வந்துவிடுவேன்” என்று வயதான பெற்றோருக்குச் சொல்லும் பிள்ளைகள், அவசரம் ஏதுமில்லாத இந்த ஆண்டிலேயே ஒருமுறை போய்வரட்டும். பயணச்சீட்டின் விலை சிறிதல்ல என்பதை அறிந்தே சொல்கிறேன்.