கிண்ணம் வேண்டுமா, குழு வேண்டுமா?

தோட்டத் தோழர்களே, கிராணிமார்களே!

திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் வட்டாரத்தில் காற்பந்துப் போட்டிக்குக் குறைவே இல்லை. எழுவர் ஆட்டம், காலையில் தொடக்கம், மாலையில் முடிவு. பிரமுகர் வருவார், மாலை விழும். அவர் பெயர் அச்சிட்ட ஜெர்சியோடு பையன்கள் வரிசையில் நிற்பார்கள், படம் பிடிப்பார்கள். மறுநாள் பந்து எங்கே, பயிற்றுநர் எங்கே, பையன்கள் எங்கே? ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதைதான்!

நம்மவருக்குப் பந்து வராது என்று எவன் சொன்னான்? 1972 மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவின் தலைவர் எம். சந்திரன். அந்தக் குழு அமெரிக்காவை 3-0 என்று வீழ்த்தியது. கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியது. 2010இல் சுசுகி கிண்ணத்தை முதன்முறையாக இந்நாட்டுக்கு வாங்கித் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். இறுதியாட்டத்தின் முதல் சந்திப்பில் இந்தோனேசியாவை 3-0 என மடக்கிய இடம் புக்கிட் ஜாலில் அரங்கம். 1998இல் திறந்த அந்த அரங்கம் நிற்பது நம்மவர் பால் வெட்டிய தோட்டத்து மண்ணில்! அதே தோட்டத்தின் கடைசிக் குடும்பங்கள் 2011இலும் வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடின என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆகவே குறை காலில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. ஓர் ஆசிரியர் மூன்றாண்டு வெயிலில் காய்ந்து ஒரு குழுவை உருவாக்குகிறார். கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளியோ, தோட்டத்துச் சிறு பள்ளியோ, அடுத்த ஆண்டே அந்தப் பையன்கள் நான்கைந்து இடைநிலைப் பள்ளிகளுக்குச் சிதறிப் போகிறார்கள். சிலருக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு வேறு. புதுப் பள்ளியில் அவன் ஆட்டக்காரன் என்று யாருக்குத் தெரியும்? பள்ளிப் போட்டிகளோ 12, 15, 18 வயது என்று மூன்று படிகள். முதற்படி ஏறியவனுக்கு இரண்டாம் படியைக் காட்ட ஆளில்லை.

புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியைப் பாருங்கள். 1996இல் தொடங்கியது. படிவம் ஒன்றிலிருந்தே விடுதி, சாப்பாடு, திடல், பயிற்றுநர். மூத்தவர்கள் வெளியேறும்போது இளையவர்கள் தயாராக நிற்கிறார்கள். நம்மால் விடுதி கட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வயது வாரியாகக் குழு வைக்கவுமா முடியாது?

பால்மரத்தை நட்டு ஐந்தாறு ஆண்டு பொறுத்துத்தான் கத்தி வைக்கிறோம். பையனிடம் மட்டும் மூன்று மாதத்தில் கிண்ணம் கேட்கிறோம்! இரண்டு ஆட்டம் தோற்றதும் பயிற்றுநரை மாற்று என்று கூச்சல் போட்ட பெற்றோர் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கூச்சல் போட்டவர்களில் ஒருவர்கூட ஒரு நாளும் திடல் பக்கம் வந்தவரில்லை.

'பந்து சோறு போடுமா?' என்கிறார்கள் சில அப்பாமார்கள். போடாது ஐயா. ஆனால் மாலை ஐந்து மணிக்கு உங்கள் பையன் திடலில் இல்லையென்றால் எங்கே இருக்கிறான்? தோட்டம் போய் அடுக்குமாடிக்குக் குடிவந்தோம். பிரிக்பீல்ட்ஸ் சந்திலும் கிள்ளான் அடுக்குமாடிப் படிக்கட்டிலும் அவனுக்காகக் காத்திருப்பவன் பயிற்றுநன் அல்லன். குண்டர் கும்பலுக்கு வயது வரிசை உண்டு. இளையவனைச் சேர்க்க மூத்தவன் உண்டு. நம்மிடம்தான் இல்லை!

கிளைகள் செய்யக்கூடியது இதுதான். நம் பிள்ளைகள் அதிகம் சேரும் இடைநிலைப் பள்ளி ஒன்றை வட்டாரத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியரை நேரில் காண வேண்டும். தமிழ்ப்பள்ளியின் பத்து வயதுப் பையன்கள் வாரம் ஒரு நாள் அந்தப் பள்ளித் திடலில், மூத்தவர்கள் பக்கத்திலேயே பயிற்சி செய்யட்டும். வேறு பள்ளிக்குப் போனவனும் மாலையில் அங்கே வரட்டும். ஒரே பயிற்றுநர், ஐந்தாண்டுக்கு; தோற்றாலும் ஐந்தாண்டுக்கு. அவருக்குப் படி, பையன்களுக்குப் பஸ் காசு, ஆட்டம் முடிந்ததும் ரொட்டியும் மைலோவும். கிராணிமார்கள் செக்ரோல் எழுதுவதுபோல் வருகைப் பதிவு எழுதலாம். அந்த வேலையை நான் ஏற்கிறேன். இரண்டு வாரம் வராதவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு நாள் போட்டியில் விருந்துக்கும் மாலைக்கும் கூடாரத்துக்கும் போகும் பணத்தை முதலில் இதற்கு வைத்துவிட்டு, மிச்சத்தை மாதச் சந்தாவாகத் திரட்டுவோம்.

வரும் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். ஜெர்சியில் பள்ளியின் பெயர் தவிர வேறு எவர் பெயரும் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். எதிர்ப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து எதிர்க்கட்டும்.