பைக் ரிசர்வுக்கு வந்தா பங்க் இருக்கு... விமானத்துக்கு? நடுவானில் எரிபொருள் தீர்வது ஏன்?

2025 நவம்பர் 13. திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், அம்மாசத்திரம் அருகே செஸ்னா 172 ரக பயிற்சி விமானம் ஒன்று திடீரென இறங்கியது. சேலத்தில் இருந்து கிளம்பிய விமானம் அது. உள்ளே இருந்த 2 பேருக்கும் ஆபத்தில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று முதலில் சொல்லப்பட்டது. ஆனால் சிறிய விமானங்கள் இப்படி ரோட்டிலும் வயலிலும் இறங்குவதற்கு, கோளாறே இல்லாத ஒரு காரணமும் உண்டு. டேங்க் காலி!

படித்த பைலட் இதையெல்லாம் பார்க்க மாட்டாரா? பார்ப்பார். கணக்குதான் இடிக்கும்.

செஸ்னா 172 மணிக்குச் சுமார் 200 கி.மீ. போகும், 30 முதல் 35 லிட்டர் வரை குடிக்கும். பகல் பயணம் என்றால், இறங்கும் இடம் வரைக்குமான எரிபொருள் போக இன்னும் 30 நிமிடத்துக்குக் கையிருப்பு வேண்டும். இரவில் 45 நிமிடம். இது சர்வதேச விதி. அரை மணி நேரம் என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். லிட்டரில் பார்த்தால், வீட்டுக்கு வரும் தண்ணி கேன் அளவுகூட இல்லை.

400 கி.மீ. பயணத்துக்கு 2 மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறார்கள். எதிர்க்காற்று 40 கி.மீ. வேகத்தில் அடித்தால் அதே தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். கையிருப்பு மொத்தமும் அங்கேயே காலி. மேகத்தைச் சுற்றிப் போனால் கதை முடிந்தது.

இப்போது ஊத்தங்கரைக்கு மேலே இது நடப்பதாக வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் சேலம் விமான நிலையம் சுமார் 75 கி.மீ., ஓசூர் தனியார் ஓடுதளம் சுமார் 90 கி.மீ. எஞ்சின் நின்றபின், 5,000 அடி உயரத்தில் இருந்து இந்த விமானம் மிதந்து போகக்கூடியது 13 கி.மீ. சுற்றளவில்தான். கீழே மாந்தோப்பு, குன்று, மின்கம்பி. ரோடு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வழியில் எங்காவது இறங்கி நிரப்பிக்கொள்ளலாமே? அதுவும் லேசு இல்லை. இவ்வகை பிஸ்டன் எஞ்சின்களுக்கு வேண்டியது ‘ஏவ்கேஸ்’ என்ற தனி பெட்ரோல். ஜெட் எரிபொருளை ஊற்றினால் எஞ்சின் போச்சு. 2022-ல் இந்தியன் ஆயில் சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கும் வரை, ஏவ்கேஸ் முழுக்க இறக்குமதிதான்.

டேங்கில் எரிபொருள் இருந்தும் எஞ்சின் நிற்பது இன்னொரு வகை. சில விமானங்களில் இடது, வலது டேங்கை பைலட்டே மாற்றிவிட வேண்டும். மறந்தால் முடிந்தது. முள்ளை மட்டும் நம்பாமல், கிளம்பும் முன் டேங்கில் குச்சி விட்டு அளந்து பார்க்கச் சொல்வதும் இதனால்தான். பழைய லாரி டிரைவர் செய்கிற அதே வேலை!

புதுசாகப் பழகுகிறவர்கள்தான் இப்படிச் சொதப்புவார்கள் என்று நினைத்தால் தப்பு. அமெரிக்க போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-15 விபத்துகளை ஆராய்ந்ததில், எரிபொருள் தொடர்பானவை ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேல். சிக்கிய பைலட்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் தொழில்முறை உரிமம் வைத்திருந்தவர்கள். மாணவர்கள் மிகக் குறைவு. ‘இன்னும் பத்து நிமிஷம்தானே, போயிடலாம்’ என்ற துணிச்சல் அனுபவத்தோடு சேர்ந்தே வருகிறது போல.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 2025 ஜூன் 19 அன்று கவுகாத்தி - சென்னை இண்டிகோ விமானம் சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திருப்பப்பட்டது. எரிபொருள் குறைந்ததும் பைலட் தயங்காமல் ‘மேடே’ அறிவித்தார். வழி கிடைத்தது, பத்திரமாக இறங்கினார்கள். சின்ன விமான பைலட்டுக்கும் அதே வார்த்தை உண்டு. அதைச் சொன்னால் அப்புறம் விசாரணை, கேள்வி வருமே என்று கடைசி வரை இழுப்பதுதான் சிக்கல்.

நம் ஊர் ரோட்டில் அப்படி ஒன்று இறங்கினால்? டேங்க் காலியா, பெட்ரோல் இருக்கிறதா என்பது வெளியில் நிற்கிற நமக்குத் தெரியாது. பீடி, சிகரெட் வேண்டாம், சுழலியைத் தொட வேண்டாம், கூட்டத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு 112-க்கு அடியுங்கள். செல்ஃபி அப்புறம்.